ஜன்னலோரத்து அகராதி

அந்த அலுவலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், கால்கள் தாமாகவே ஜன்னலோரத்து நாற்காலியை நோக்கி நடக்கும். அங்கேதான் 'அகராதி' உட்கார்ந்திருப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்க்கலாம். மற்றபடி மேனேஜரிலிருந்து தரை துடைக்க வரும் அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவள் அகராதிதான்.

காரணம் இல்லாமல் வந்த பட்டமல்ல அது. குளிர்பதனக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. பழமோ பூவோ மருந்தோ, கிடங்குக்குள் எது வந்தாலும் போனாலும் அவர்களுடைய டேட்டாபேஸில் பதிவாகும். டேட்டாபேஸ் என்றதும் மிரள வேண்டாம். ஏகப்பட்ட இழுப்பறைகள் கொண்ட பெரிய பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஃபீல்டு என்று பெயர். அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயரைச் சொல்லித்தான் நிரல், அதாவது புரோகிராம், அதைத் திறக்கும்.

கம்பெனி ஒற்றை அறையில் நடந்த காலத்தில் அந்த ஃபீல்டுகளுக்கெல்லாம் பெயர் வைத்தவள் அகராதி. எல்லாம் அள்ளித் தெளித்த அவசரத்தில் வைத்த பெயர்கள். டேட்1, டேட்2, டேட்3. ஆமாம், இல்லை என்று மட்டும் குறித்துவைக்கும் இழுப்பறைகளுக்கு ஃப்ளாக்1, ஃப்ளாக்2, ஃப்ளாக்3. சரக்குக் கணக்கில் டேட்1 என்றால் சரக்கு வந்த நாள், டேட்2 என்றால் அது கெட்டுப்போகும் நாள். லாரிக் கணக்கிலோ டேட்1 என்றால் லாரி கிளம்பும் நாள், டேட்2 வந்து சேரும் நாள். ஏன் இப்படி என்று கேட்டால், லாரிக் கணக்கை எழுதிய அன்றைக்கு அவளுக்குப் பல்வலி.

ஆகவே புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் வாரம் முழுக்க முழி பிதுங்கிப் போவார்கள். அப்புறம் வழி தெரிந்துகொண்டு ஜன்னலோரம் வந்து நிற்பார்கள்.

"அகராதியம்மா, இந்த ஃப்ளாக்2ன்னா என்னங்க?" என்று கேட்பார் சோதனைப் பிரிவுக்காரர். எறும்பு அளவு தப்பையும் யானை அளவு ஆக்கிக் காட்டுவதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"அந்தச் சரக்க யாரும் வெளிய எடுக்கக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சிருக்கறது."

"அப்போ ஃப்ளாக்3?"

"அதத் தொடாதீங்க."

"ஏன்?"

"தொடாதீங்கன்னா தொடாதீங்க."

பூதக்கண்ணாடி தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். அகராதி ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டோரமாய்ச் சிரித்துக்கொள்வாள். ராணிக்குச் சிம்மாசனம் என்றால் அவளுக்கு அந்தச் சுழல் நாற்காலி.

அந்த நாற்காலிக்கு ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. அவள் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த சின்னவளுக்கும் இதே தொழில்தான். கல்யாணத்துக்குப் பிறகு வேறு வேலை தேடிக்கொண்டிருந்தாள். "உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லேன். வீட்டுப் பொண்ணுதானே?" என்று கணவன் நச்சரித்தான். அகராதி சொன்னாள். தன் வாயாலேயே சொன்னாள். 'கெட்டிக்காரி, பொறுமைசாலி, நான் பொறுப்பு' என்றெல்லாம் மேனேஜரிடம் அளந்துவிட்டாள். பிற்பாடு அதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொள்ளாத நாளில்லை.

முதல் குடைச்சல் வீட்டில்தான் ஆரம்பித்தது. கூடத்தில் வரிசையாய் ஒரே மாதிரி ஸ்விட்சுகள். எது மின்விசிறி, எது வாசல் விளக்கு என்று அகராதிக்கு மட்டும்தான் தெரியும். மாமியார் உட்பட எல்லோரும் பட்டுப் பட்டென்று எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு, கடைசியில் "பெரியவளே, இங்க வா" என்று கூப்பிடுவார்கள். சின்னவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்விட்சின் கீழும் அழகான எழுத்தில் சீட்டு ஒட்டிவிட்டாள்.

"இத்தன வருஷமா இது ஒருத்தருக்கும் தோணலியே! சின்னவளுக்குத் தோணிச்சு பாரு," என்று மாமியார் பூரித்துப் போனார்.

அதற்குப் பிறகு கூடத்திலிருந்து 'பெரியவளே' என்ற குரல் வரவே இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து எழுந்து ஓட வேண்டிய தொல்லை ஒழிந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அகராதிக்கு வயிறு எரிந்தது.

அலுவலகத்தில் சின்னவள் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, மேனேஜர் எல்லோரையும் கூட்டினார். எதையும் 'சுருக்கமா சொல்லுங்க' என்று சொல்லியே பழகியதால் அவருக்குச் சுருக்கம் சார் என்று பெயர் நிலைத்திருந்தது.

"சுருக்கமா சொல்றேன். ரெண்டு விஷயம். நான் சீக்கிரமே மேல் மாடிப் பிரிவுக்குப் போறேன். என்னோட கண்ணாடி ரூமுக்கு உங்கள்ல ஒருத்தர் வரணும். யாருன்னு இந்த மாசக் கடைசியில சொல்றேன்."

எல்லோருடைய கண்களும் அகராதியைப் பார்த்தன. அவள் அடக்கமாக மேஜையைப் பார்த்தாள். அடக்கத்துக்கு உள்ளே நாலு பக்கமும் விளக்கு எரிந்தது.

"ரெண்டாவது, நம்ம டேட்டாபேஸ்ல இருக்கற பேரெல்லாம் குழப்பமா இருக்கு. எல்லாத்தையும் ஒரே சீரா, பார்த்தாலே புரியற மாதிரி மாத்தணும்னு சின்னவங்க ஒரு யோசனை சொன்னாங்க. நல்ல யோசனை. அவங்களே செய்யட்டும்."

விளக்குகள் அணைந்தன.

"பாத்தாலே புரிஞ்சுடுமா? அப்போ அகராதியம்மாவுக்கு இனிமே ரெஸ்ட்டுதான்," என்றார் பூதக்கண்ணாடி. விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அகராதியும் சிரித்தாள். பல் மட்டும் சிரித்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அவள் கண்ணெதிரே நடந்தது. சின்னவள் ஒவ்வொரு ஃபீல்டாக எடுத்து, அது எங்கெங்கே புழங்குகிறது என்று தேடிப் பார்த்துப் பெயர் மாற்றினாள். ஆங்கிலத்தில்தான். நம் மொழியில் சொன்னால், வந்தநாள், கெடுநாள், கிளம்பும்நாள், சேரும்நாள். சிறு குழந்தைக்கும் புரியும். 'அக்கா, இது என்ன?' என்று ஒரு தடவைகூட ஜன்னலோரத்துக்கு வந்து கேட்கவில்லை. அதுதான் அகராதிக்கு உச்சி வரை ஏறியது. பெயர் வைத்தவள் பத்தடி தூரத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள். இவள் என்னவென்றால் நிரலைத் தோண்டித் துருவித் தானே கண்டுபிடிக்கிறாள்! செத்தவர் வீட்டைக் காலி செய்வதைப்போல அல்லவா இருக்கிறது?

ஒருநாள் பூதக்கண்ணாடி தம் இடத்திலிருந்து எழுந்து ஜன்னலை நோக்கி வந்தார். அகராதி நாற்காலியை லேசாகத் திருப்பி, பதில் சொல்லத் தயாரானாள். அவர் பாதி வழியில் நின்றார். கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்தார்.

"ஓ, சேரும்நாளா! பேர்லயே இருக்கே," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

அகராதி திருப்பிய நாற்காலியை மறுபடி நேராக்கினாள். கிரீச்சென்று சத்தம் வந்தது. அந்த நாற்காலிக்கும் அன்றைக்குத்தான் குரல் எழும்ப வேண்டுமா?

வேலை முடிந்தது. அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை மாற்றி எழுதினாலும், இன்னொருவர் அதை முழுக்கப் படித்து 'பார்த்தேன், சரி' என்று பட்டனை அமுக்கினால்தான் அது கிடங்குகளுக்குப் போகும். அதிலும் ஒரு நிபந்தனை: படித்தவர் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். கேள்வியே கேட்காமல் சரி போட்டால் படிக்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

"இத நீங்கதான் பாக்கணும். உங்களுக்குத்தானே எல்லாம் அத்துப்படி?" என்று சுருக்கம் சார் அந்த வேலையை அகராதியின் தலையில் கட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அகராதி படிக்க உட்கார்ந்தாள். குற்றம் கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் உட்கார்ந்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று படித்துக்கொண்டே போனாள். ஒரு குற்றமும் இல்லை. எல்லாம் கச்சிதமாக, வாரிய தலைபோல இருந்தது. லாரிக் கணக்கில் தான் செய்த பல்வலிக் குழப்பத்தைக்கூடச் சின்னவள் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தாள். தப்பாக இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. நன்றாக இருந்ததுதான் நெஞ்சை அடைத்தது. 'எனக்கு ஏன் இப்படி எழுதத் தோணல?' என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். உடனே அந்த நினைப்பின் மேலும் கோபம் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு வாசல் பலகை ஞாபகம் வந்தது.

ஒரு கிடங்கின் வாசலில் பெரிய திரை இருக்கும். எந்தப் பெட்டி சீக்கிரம் கெடுமோ அதை முதலில் லாரியில் ஏற்று என்று அது காட்டும். கிடங்கு மேற்பார்வையாளர் கேட்டார் என்று பல காலத்துக்கு முன் அகராதி அவசரமாக எழுதிக் கொடுத்த குட்டி நிரல் அது. அதில் எங்குமே 'டேட்2' என்று முழுசாக எழுதியிருக்க மாட்டாள். 'டேட்' என்ற பாதியை ஓரிடத்தில் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணை ஓடும்போது ஒட்டிக்கொள்ளும்படி செய்திருந்தாள். அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது. ஆனால் 'டேட்2' எங்கே இருக்கிறது என்று யாராவது தேடினால், அந்த இடம் மட்டும் சிக்கவே சிக்காது. சின்னவளுக்கும் சிக்கவில்லை. அது மட்டுமா? கேட்ட பெயரில் ஃபீல்டு இல்லாவிட்டால் கூச்சல் போடாமல் வாயை மூடிக்கொண்டு போ என்றும் அதில் எழுதி வைத்திருந்தாள். சோதனையில் பிடிபடாது. பூதக்கண்ணாடி கண்ணிலும் படாது.

புதுப் பெயர்கள் கிடங்குக்குப் போன அந்த நிமிஷமே பலகையில் கெடுநாள் காணாமல் போய்விடும்.

இது தெரிந்த ஒரே ஜீவன் அகராதி.

எதிரே சின்னவளைப் பார்த்தாள். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள்போல இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'வாசல் பலகையை விட்டுட்டியே' என்று சொன்னால் அஞ்சு நிமிஷ வேலை. சின்னவள் சரிசெய்துவிடுவாள். கைதட்டு வாங்குவாள். அப்புறம் கண்ணாடி அறையும் அவளுக்குத்தான். பெரியவள்? பேர் புரிந்த ஊரில் அகராதி எதற்கு?

"பரவால்ல," என்றாள். "ஒரு கேள்வி. இந்த எழுபதாவது வரிக்கு முன்னால ஏன் ஒரு காலி வரி விட்டிருக்க?"

"அதுவா? படிக்க வசதியா இருக்கும்னு..."

"சரி."

பட்டனை அமுக்கினாள். 'பார்த்தேன், சரி.' உடனே அந்தப் பக்கத்தை மூடினாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வீட்டில் ஆள் அங்கே, மனசு எங்கேயோ. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. எடுத்தால், கடன் அட்டை வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். சின்னவள் என்னவோ வழக்கத்தைவிட அன்பாய் இருந்தாள். "நீங்க படிச்சு சரின்னு சொன்னப்புறம்தான்கா எனக்கு மூச்சே வந்துச்சு," என்று காபியைக் கொண்டுவந்து நீட்டினாள். அகராதி அந்தக் காபியை ஆறவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டியில் கொட்டினாள்.

"என்ன பெரியவளே, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார் மாமியார்.

"தலவலி அத்த."

"சின்னவளே, அவளுக்கு அந்தத் தைலத்த எடுத்துக் குடு. எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்."

தைலம் இருக்கும் இடமும் அவளுக்குத்தான் தெரியுமாம்! அகராதிக்கு நிஜமாகவே தலை வலிக்க ஆரம்பித்தது.

திங்கள்கிழமை காலை அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் மேஜைத் தொலைபேசி அலறியது. கிடங்கு மேற்பார்வையாளர். எவ்வளவு சிக்கல் என்றாலும் சிரித்துக்கொண்டே பேசுகிற மனிதர். அவளைத் தங்கச்சி என்று மட்டுமே கூப்பிடுவார்.

"தங்கச்சி, நம்ம பலகை ஏதோ கோளாறு போல. கெடுற நாளே வரல."

காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அகராதியின் நெஞ்சுக்குள் வாணவேடிக்கை நடந்தது.

"எப்பலேந்துண்ணே?"

"சனிக்கிழமலேந்து. நான் கவனிக்கலம்மா. பலகை காட்டின வரிசையிலயே திராட்சைப் பெட்டிய ஏத்தி அனுப்பிட்டேன். பாத்தா, நேத்து வந்த புதுப் பெட்டியெல்லாம் லாரியில போயிருக்கு. பழசெல்லாம் உள்ளயே உக்காந்து அழுகுது." வழக்கமான சிரிப்பு அந்தக் குரலில் இல்லை. "முதலாளி வந்து, இத்தன வருஷம் என்னத்தய்யா கிழிச்சேன்னு பசங்க முன்னாடியே கேட்டுட்டார். பலகையப் பாத்துத்தான் செஞ்சேன்னு சொன்னேன். பலகை மேல பழி போடாதேங்கறார். இது உங்க பலகைதான், என் தப்பு இல்லன்னு நீ ஒரு வார்த்த அவர்கிட்ட சொல்லும்மா."

வாணவேடிக்கை புஸ்ஸென்று அணைந்தது. அவள் கணக்கில் சின்னவள் இருந்தாள், தான் இருந்தாள், கண்ணாடி அறை இருந்தது. இந்த மனிதர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

"உங்க தப்பு இல்லண்ணே. சொல்றேன். அதுக்கு முன்னால பலகைய சரி பண்ணிடறேன், லைன்லயே இருங்க," என்றாள். கை தானாகவே வேலை செய்தது. ஒட்டுப்போட்ட பெயரை எடுத்துவிட்டு, 'கெடுநாள்' என்று சின்னவள் வைத்த பெயரை முழுசாக எழுதினாள். பலகையில் வரிசை திரும்பி வந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் தொலைபேசியை வைத்தாள்.

நிமிர்ந்தால், மொத்த அலுவலகமும் அவள் நாற்காலியைச் சுற்றி நின்றது. பழைய நாட்களைப்போல. அவள் ஆசைப்பட்ட காட்சிதான். ஆனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தோளுக்குப் பின்னால் நின்ற சின்னவள், திரையில் அவள் திருத்திய வரியையே படித்துக்கொண்டிருந்தாள்.

சுருக்கம் சார் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி அறை என்பதால் வெளியே இருந்தவர்களுக்குச் சத்தம் இல்லாத சினிமா.

"சுருக்கமா சொல்லுங்க. எப்படி விட்டுப் போச்சு?"

சின்னவளின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் முந்திக்கொண்டாள். "என் தப்புதான் சார். வாசல் பலகைல அந்தப் பேர் ஒட்டி வர்றது எனக்குத் தெரியும். அக்கா அப்பவே சொன்னாங்க. மாத்தணும்னு நெனச்சு மறந்துட்டேன். அக்கா மேல ஒண்ணும் இல்ல."

அகராதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னேனா? நானா? எப்போது?

சார் சின்னவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் குரல் இளகியது. "பரவால்ல. தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும். அதுலயும் கூட இருக்கறவங்கள விட்டுக் குடுக்காம..."

அகராதியின் அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய எரிச்சல் கிளம்பி மேலே வந்தது. ஸ்விட்சுக்குச் சீட்டு ஒட்டிய நல்ல பெயரும் அவளுக்கு. டேட்டாபேஸை ஒழுங்குபடுத்திய பெயரும் அவளுக்கு. இப்போது அக்காவைக் காப்பாற்றிய தியாகி என்ற பட்டமும் அவளுக்கேவா? கெட்ட பெயரிலிருந்துகூட நல்ல பெயர் கடைந்தெடுக்கிறாளே!

"பொய்!" என்றாள் அகராதி. அவள் போட்ட சத்தத்தில் வெளியே நின்றிருந்த பூதக்கண்ணாடி ஓரடி பின்வாங்கினார். "நான் ஒண்ணும் சொல்லல. இவளுக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்."

"வேணும்னேயா?" என்றார் சார்.

"வேணும்னேதான். நீங்களே பாருங்க, நான் கேட்ட கேள்விய. காலி வரியப் பத்தி! என் ஆயுசுல அப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பேனா? இவ மாட்டிக்கணும்னுதான் செஞ்சேன். மாட்டிக்கிட்டது அந்தக் கிடங்கு அண்ணன்." குரல் உடைந்தது. "எல்லாத்துக்கும் இவ பேர் வெச்சுட்டா, அப்புறம் என்னை யார் சார் கேப்பாங்க?"

சார் தாடையைத் தடவினார். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீங்க ஏன் தெரியும்னு சொன்னீங்க? அக்காவக் காப்பாத்தவா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"இல்ல சார்," என்றாள் மெதுவாக. "தெரியலன்னு சொன்னா, 'அக்காவ ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா'ன்னு எல்லாரும் சொல்வீங்க. அதுக்கு, தெரிஞ்சும் மறந்துட்டேன்னு சொல்றதே மேல்னு தோணிச்சு."

"என்னது?" என்றாள் அகராதி.

"வீட்டுக்கு வந்த நாள்லேந்து பாக்கறேன்கா. எதக் கேட்டாலும் 'பெரியவளக் கேளு'. லைட் போடணும்னா பெரியவளக் கேளு. கேஸ் எங்க புக் பண்றதுன்னா பெரியவளக் கேளு. ஆபீஸ் வந்தா இங்கயும் அதே பாட்டு. எனக்கு எவ்வளவு பத்திக்கிட்டு வரும் தெரியுமா? யாரும் உங்களக் கேக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாதுன்னுதான் ஸ்விட்சுக்குச் சீட்டு ஒட்டினேன். இங்க பேர் மாத்தலாம்னு சொன்னதும் அதுக்குத்தான். செத்தாலும் உங்ககிட்ட வந்து கேக்கறதில்லன்னு வைராக்கியம். ஒரு தடவ கேட்டிருந்தா இது நடந்திருக்காது."

தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாளா? அதுவும் இவளா? கேட்கக் கூடாத இடத்தில், கேட்கக் கூடாத நேரத்தில், அவளுக்கு அது கொஞ்சம் இனிக்கக்கூடச் செய்தது.

சுருக்கம் சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"சுருக்கமா சொல்றேன். மேல் மாடிக்கு நான் இப்போதைக்குப் போகல. இந்த ரூமுக்கு உங்க ரெண்டு பேர்ல யாரும் வர வேண்டாம். கிடங்கு முதலாளிகிட்ட நான் பேசறேன். ஆனா அந்த மேற்பார்வையாளர்கிட்ட ரெண்டு பேரும் இன்னைக்கே நேர்ல போய், நடந்தத நடந்தபடி சொல்லி மன்னிப்பு கேளுங்க. நாளைலேந்து மிச்சம் இருக்கற பேரையெல்லாம் ஒரே மேஜைல உக்காந்து மாத்துங்க. பெரியவங்க சொல்லணும், சின்னவங்க எழுதணும். ஒட்டுப்போட்ட பேர் இன்னும் எங்கெங்க ஒளிஞ்சிருக்கோ, எல்லாம் வெளிய வரணும்."

கிடங்குக்குப் போய் வந்தார்கள். மேற்பார்வையாளர் முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. "சரிம்மா," என்று மட்டும் சொன்னார். தங்கச்சி என்று சொல்லவில்லை. அழுகின திராட்சை நாற்றத்தைவிட அதுதான் அகராதியின் கூடவே வீடு வரை வந்தது.

மறுநாள் சின்னவள் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மேஜை. முழங்கை முழங்கையை இடித்தது. முதலில் வார்த்தைக்கு வார்த்தை தராசில் நிறுத்துத்தான் பேசினார்கள். மத்தியானத்துக்குள் ஒளிந்திருந்த ஒட்டுப்பெயர்கள் நாலைந்து சிக்கின. கடைசியாகச் சின்னவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, ஃப்ளாக்3ன்னா என்ன? தொடாதேன்னு பூதக்கண்ணாடிகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பீங்களே."

அகராதி ஜன்னலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். விரல் நகத்தைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள்.

"என்னது?"

"எதுக்கு வெச்சேன்னு எப்பவோ மறந்து போச்சு. தெரியலன்னு சொல்ல வாய் வரல. அதான் தொடாதேன்னு சொல்லிட்டேன்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு பொத்திய கையைத் தாண்டிச் சிரிப்பு பீறிட்டது. அகராதி முறைத்தாள், முறைப்பு நிலைக்கவில்லை. அவளும் சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து முழு நிரலையும் சலித்தார்கள், இந்த முறை ஒட்டுப்பெயர்களையும் சேர்த்து. ஃப்ளாக்3ஐ யாருமே திறப்பதில்லை. உள்ளே எதுவும் இல்லை. இத்தனை வருஷமும் ஒரு காலி இழுப்பறைக்குத்தான் காவல்.

"தூக்கிடலாமாக்கா?"

"தூக்கிடு."

அந்த நேரம் பார்த்துப் பூதக்கண்ணாடி வந்து நின்றார். "ஒரு சந்தேகம். சரக்கு ரெண்டு தடவ உள்ள வந்தா, வந்தநாள்ல எந்த நாளப் போடறது?"

கேள்வியைச் சின்னவளைப் பார்த்துத்தான் கேட்டார். அகராதிக்குச் சுருக்கென்றது. பழைய இடத்தில், பழைய மாதிரியே. பதில் நாக்கின் நுனியில் நின்றது. பல்லைக் கடித்து அதை அங்கேயே பிடித்துவைத்தாள்.

சின்னவள் உதட்டைக் கடித்தாள். திரையைத் தட்டிப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் அவள் கால் அகராதியின் காலை மெல்ல இடித்தது.

"அக்கா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுக்கு என்னக்கா?"

அகராதி நாற்காலியைத் திருப்பினாள். அது மறுபடியும் கிரீச்சென்றது.